விசிறிக் காலத்துக் கோடைகள்

விழா மலர்களில் கோயில் வரலாறு எழுதுவோர் அடிக்கல் நாட்டிய ஆண்டு, மணி வந்து சேர்ந்த ஆண்டு, பங்குத்தந்தையர் மாறிய ஆண்டு என்று எல்லாவற்றையும் முறையாக எழுதிவிடுவார்கள். ஆண்டுதோறும் தவறாமல் வந்து நம்மோடு குடியிருந்து போகும் மதுரை வெயிலை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அறைக்கு அறை ஏ.சி. மாட்டிக்கொள்ளும் இந்நாளில், அது இல்லாமல் இந்த ஊர் கோடையை எப்படிக் கடத்தியது என்பது நம் பேரப்பிள்ளைகளுக்கு வெறும் கதையாகத்தான் தோன்றும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இத்தெருக்களில் அரைக்கால் சட்டையும் பாவாடையுமாகத் திரிந்த நாங்கள் சிலர் கூடிப் பேசி, நினைவில் நின்றதையும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறோம்.

மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. ஆகவே சித்திரை பிறந்த ஓரிரு நாட்களிலேயே உச்சிவேளைச் சூரியன் நேராக நம் தலைக்கு மேல் வந்து நின்றுவிடும். கொடிமரத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும். அதைச் சுற்றிச் சுற்றி வந்து நிழலைத் தேடியது எங்களுக்கு ஒரு விளையாட்டு. பின்பு மே மாதம் 4-ஆம் நாள் வாக்கில் கத்திரி தொடங்கி 28 வரை நீடிக்கும். பாரன்ஹீட் கணக்கில் நூறு டிகிரி என்பது அந்நாட்களில் செய்தியே அல்ல. அதற்குப் பிறகு வரும் தென்மேற்குப் பருவக்காற்றோ, மழையையெல்லாம் மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் கொட்டிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வெறுங்கையோடு நம்மிடம் வந்து சேரும். சென்னை வெயில் பிசுபிசுக்கும். நம் வெயில் காய்த்து எடுக்கும். கோடிக்குக் காயப்போட்ட வேட்டி அரை மணியில் முறுகிவிடும்.

இந்த வறட்சிதான் மதுரையைக் காப்பாற்றியது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு விரைவாகத் தண்ணீர் ஆவியாகும். ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு வீட்டிலும் மூலையில் மணல் பரப்பி வைத்திருந்த மண்பானை இந்த ஒரு கணக்கில்தான் வேலை செய்தது. பானையின் நுண்துளை வழியே நீர் கசிந்து வெளிப்புறம் வியர்க்கும். அந்த வியர்வை உலர உலர உள்ளே இருக்கும் நீர் குளிரும். மானாமதுரைப் பானைக்கு இந்தப் பக்கத்தில் தனி மதிப்பு. கடம் வாசிப்போர் தேடிப்போகிற அதே மண். 2023-இல் அந்த மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று செய்தித்தாளில் பார்த்தபோது, எங்கள் அம்மாமார் பானையைத் தட்டிப் பார்த்து, காதருகே வைத்து, விலை பேசி வாங்கியது நினைவுக்கு வந்தது. ஆற்று நீர் கலங்கலாக இருந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசுவார்கள்; சிறிது நேரத்தில் கலங்கல் அடியில் தங்கிவிடும். வசதி உள்ள வீடுகளில் ஒரு கைப்பிடி வெட்டிவேர் பானைக்குள் கிடக்கும். இன்னும் வசதி உள்ள வீடுகளில் வாசலிலேயே வெட்டிவேர்த் தட்டி தொங்கும். அதற்கு மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளிக்க ஓர் ஆளும் இருப்பார்.

வீடுகளும் வெயிலை நினைத்தே கட்டப்பட்டவை. பனையோலைக் கூரை வீடுதான் எல்லாவற்றிலும் குளிர்ச்சி. ஆனால் கோடையில் ஒரு பொறி போதும், வரிசை வீடுகள் வெந்து போகும். நாட்டு ஓடு அடுத்தபடி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஓடுகளுக்கு இடையில் காற்று நிற்கும். அதன் இடத்தைப் பின்பு சீமை ஓடு பிடித்துக்கொண்டது. அதற்கும் ஒரு மிஷன் வரலாறு உண்டு: 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார், அங்கிருந்துதான் மங்களூர் ஓடு தென்னாடெங்கும் பரவியது. காரை வீடு என்றால் மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் தட்டி இறுக்கியது. முழங்கை நீளத்துக்குச் சுவர் கனம். பகலில் வாங்கிய சூட்டை அது நடுநிசிக்குத்தான் உள்ளே விடும். அதனால்தான் பகலில் வீட்டுக்குள்ளும் இரவில் வீட்டுக்கு வெளியிலும் வாழ்ந்தோம்.

இந்தக் கட்டடக் கலையின் உச்சத்தைப் பார்க்க விரும்புவோர் மானாமதுரை போகும் வழியில் உள்ள இடைக்காட்டூர் திருஇருதய ஆண்டவர் கோயிலுக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும். செல் சுவாமி என்ற பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் 1894-இல் கோத்திக் பாணியில் கட்டியது. வெளியே வைகைப் பக்கத்துப் பொட்டலில் அனல் பறக்கும். உள்ளே காலெடுத்து வைத்தால் சுட்ட மண்ணின் குளிர்ச்சி. செங்கல்லுக்கும் சுட்ட மண் வார்ப்புக்கும் இடையில் அடைபட்ட காற்றே அங்கே காவல் நிற்கிறது.

வெயிலுக்கு வெளிநாட்டுக் குருமார் கொடுத்த விலை பெரிது. இத்தாலியின் உயர்குடியில் பிறந்த தத்துவ போதகர் நொபிலி சுவாமி 1606-இல் மதுரை வந்து மண்குடிசையில் ஒருவேளை மரக்கறி உணவோடு இருந்தார். 1838-இல் சேசு சபையார் மீண்டும் மதுரை மிஷனுக்கு வந்தபோது, அவர்களுள் பலர் சில ஆண்டுகளுக்குள்ளாகவே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானார்கள். 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷனாருக்கும் இதே கதிதான். ஆகவேதான் அவர்கள் 1845-இல் கோடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். பின்னால் 1860-களில் செயின்ட் சிர் சுவாமி அங்கே சலேத் மாதா கோயிலை எழுப்பினார். கோடைக்கானல் என்ற ஊர் இன்று இருப்பதற்கு மதுரை வெயில்தான் காரணம் என்றால் மிகையாகாது. 1875-இல் ரயில் வந்தபின் துரைமார் கோடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, டோலியிலும் குதிரையிலும் மலையேறினார்கள். டோலி தூக்கியவர்கள் அவர்களை மேலே விட்டுவிட்டு மறுபடியும் வெயிலுக்கு இறங்கி வந்தார்கள். அந்த இறங்கி வந்தவர்களின் பிள்ளைகள்தான் நம்மில் பெரும்பாலோர்.

கோயில் ஒழுங்குகளும் வெயிலோடு பின்னிக் கிடந்தன. எங்களில் மூத்தவர்கள் புதுநன்மை வாங்கிய நாட்களில் நடுநிசிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பருகக்கூடாது. ஏப்ரல் மாதத்தில், கூட்டம் நெருக்கிய எட்டு மணிப் பாட்டுப்பூசையில், வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் ஒருவர் இருவராவது மயங்கி விழுவது வழக்கம். உபதேசியார் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் கிடத்துவார். 1953-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் தண்ணீர் குடிப்பது உபவாசத்தை முறிக்காது என்று அறிவித்தார். மாலைப் பூசைக்கும் அப்போதுதான் வழி திறந்தது. ரோமாபுரியில் அது எப்படிப் பேசப்பட்டதோ நாங்கள் அறியோம்; மதுரையில் அதைப் பிள்ளை பெற்றவர்கள் கும்பிட்டு வரவேற்றார்கள். பாஸ்கா சடங்கும் முன்பெல்லாம் பெரிய சனிக்கிழமை காலையிலேயே நடந்து முடியும். 1951-இல் அதை இரவில் நடத்த அனுமதி வந்து, 1956 முதல் அதுவே சட்டமாயிற்று. திறந்த வெளியில், நட்சத்திரங்களுக்குக் கீழே புது நெருப்பு மூட்டியதை முதன்முதல் பார்த்த இரவில் லேசாகக் காற்றும் வீசியது. பெரிய வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை மட்டும் மாறவில்லை. பகல் சிலுவைப்பாதைக்கு எங்கள் பாட்டிமார் செருப்பில்லாமல்தான் வந்தார்கள். ஆண்டவர் தாகத்தைச் சொன்ன ஸ்தலத்தில் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கோயிலுக்குள் மின்விசிறி வந்தது பெரிய நிகழ்ச்சி. இன்னார் நினைவாக இன்னார் உபயம் என்று இறக்கையில் எழுதியிருக்கும். மாலையில் மின்சாரம் இறங்கிப்போனால் விசிறி தள்ளாடிச் சுற்றும். நீண்ட பிரசங்க நேரத்தில் உபயகாரர் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்து முடித்துவிடலாம். அதற்கு முன்பு பனையோலை விசிறிதான். பெண்கள் பகுதியில் நூறு விசிறிகள் ஒன்றாக அசையும் சத்தம் ஓலைக்காட்டில் காற்றடிப்பதுபோல் இருக்கும். ஓலை விசிறியில் ஒரு வேடிக்கை உண்டு: விசிறுகிறவருக்கு வியர்க்கும், காற்று பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். மடியில் பிள்ளை தூங்கிவிட்டால் பக்கத்து வீட்டு அத்தை கேட்காமலே விசிறியைத் தன் கைக்கு மாற்றிக்கொள்வார்.

முழுப்பரீட்சை முடிந்து பெரிய லீவு விட்டால் காலையில் ஞானோபதேச வகுப்பு, மாலையில் மே மாத மாதா வணக்கம். இரண்டுக்கும் இடைப்பட்ட பகல் முழுவதும் எங்களுடையது. வெறுங்காலோடு தார் ரோட்டைக் கடக்க ஒரு முறை உண்டு: ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு ஒரே ஓட்டம். பனங்காட்டுக்காரர்கள் நுங்குக் குலையோடு வருவார்கள். சீவித் தர, கட்டைவிரலால் நோண்டி உறிஞ்சுவோம். சாப்பிட்ட கூந்தலைக் குச்சியில் கோத்து வண்டி ஓட்டுவோம். காலையிலேயே பதநீர், பட்டையில் ஊற்றித் தருவது. சப்ஜா விதை ஊறிய நன்னாரி சர்பத். வீட்டில் நீராகாரமும் சின்ன வெங்காயமும், வெள்ளரிப்பிஞ்சும். ஐஸ்காரர் மரப்பெட்டியின் மூடியைத் தட்டும் சத்தம் தெருமுனையில் கேட்டாலே காசுக்கு அழுகை தொடங்கிவிடும். குச்சி ஐஸ் மலிவு, சேமியா ஐஸ் உசத்தி.

ஐஸ் என்பதே அப்போது ஓர் அதிசயம். மரத்தூளிலும் சாக்கிலும் சுற்றிய பெரிய கட்டிகள் கைவண்டியில் சொட்டிக்கொண்டே போகும். பின்னாலேயே போய் அந்தச் சொட்டை ஏந்திக் குடித்திருக்கிறோம். பனிக்கட்டி இயந்திரம் வருவதற்கு முன்பு அது கடல் கடந்து வந்த சரக்கு. 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து, அங்குள்ள ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை ஏற்றிய கப்பல் முதன்முதலாகக் கல்கத்தா வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் அந்த வியாபாரத்துக்காகக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான். மதுரைக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்க வழியில்லை. ஆனால் ஐஸ் இங்கே மலிந்தபின் மதுரைக்காரர்கள் அதைச் சும்மா விடவில்லை. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்து ஜிகர்தண்டா என்று ஆக்கிவிட்டார்கள். உருதுக்காரர்கள் கொடுத்த பெயர். ஈரல் குளிரும் என்று பொருள். விளக்குத்தூண் பக்கம் போய் அதை வாங்கித் தருவதாகச் சொன்னால் எந்த ஞானோபதேசக் கேள்விக்கும் மனப்பாடமாகப் பதில் வரும்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே ஆற்றில் இருக்கும். அழகர் இறங்கும் இரவில் கூட்டத்தோடு கூட்டமாக நாங்களும் மணலில் படுத்துக் கிடந்திருக்கிறோம்; வீட்டில் யாரும் தடுத்ததில்லை. பீச்சாங்குழல் தண்ணீர் மேலே பட்டால் சந்தோஷம். மோரும் பானகமும் ஊற்றிய தண்ணீர்ப் பந்தல்களில் யார் எந்தக் கோயில் என்று கேட்டதாக நினைவில்லை. 1959-இல் வைகை அணை வந்தபின் திருவிழாவுக்குத் தண்ணீர் அங்கிருந்து திறந்துவிடுகிறார்கள். அந்த நாட்கள் கழிந்தால் கோடை வைகையில் மணல்தான். ஆனால் ஒரு முழம் தோண்டினால் ஊற்று. தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்புவார்கள். இரவானால் ஆண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணலுக்குப் படுக்கப் போவார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மொட்டைமாடி. அந்தி சாய்ந்ததும் நாலு வாளித் தண்ணீர் தெளித்தால் தரை ஸ்ஸென்று இரையும். கோரைப்பாய் விரித்து, வீட்டுக்கு வீடு கைப்பிடிச் சுவர் தாண்டிப் பேச்சு ஓடும். கல்யாணப் பேச்சும் கடன் பேச்சும் பங்காளிச் சண்டையும் அங்கேதான் தீர்ந்தன. சில அங்கேதான் தொடங்கின.

இதையெல்லாம் எழுதும்போது எல்லாம் இனித்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது. கோடை என்றால் அம்மை. வாசலில் வேப்பிலை செருகாத தெரு கிடையாது. பெரியம்மை இந்தியாவை விட்டு ஒழிந்தது 1975-இல்தான். கோடை என்றால் காலரா ஊசி. குழாயடியில் நள்ளிரவிலிருந்து குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மொட்டைமாடியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. தண்ணீர்ப் பந்தலில் ஒன்றாகக் குடித்தோம் என்று மேலே எழுதினோம். ஆனால் சுற்றுப்புறக் கிராமங்களில் எந்தக் கிணற்றில் யார் வாளி விடலாம் என்பதற்குக் கண்டிப்பான கணக்கு இருந்தது. கத்திரி வெயிலில் கிணறு வற்றும்போது அந்தக் கணக்கு இன்னும் இறுகியது. கிறிஸ்தவக் குடும்பங்கள் அதற்கு விலக்காக நிற்கவில்லை; தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்த காலமும் இருந்ததல்லவா? ஒரே பீடத்தில் நன்மை வாங்கியவர்களில் சிலர், பூசை முடிந்ததும் பக்கத்துக் கிணற்றை விட்டு ஒரு மைல் தள்ளித் தண்ணீருக்கு நடந்தார்கள். வெயில் எல்லோர் தலையிலும் ஒன்றாகத்தான் அடித்தது; நிழலைத்தான் பங்கு வைத்திருந்தார்கள்.

பஞ்சாலையில் வேலை பார்த்த அப்பாமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்கு ஊதி வேலைமுறை மாறும் நேரத்தில் அவர்கள் வெளியே வருவதைப் பார்த்தால் மழையில் நனைந்தவர்கள் போல் இருப்பார்கள். வறண்ட காற்றில் நூல் அறுந்துபோகும். அதனால் ஆலைக்குள் ஈரம் தெளித்துக் காற்றைப் புழுங்கவைப்பார்கள். நூலுக்கு இதமான காற்று, ஆளுக்கு ஆகாத காற்று. இதில் ஓர் ஆச்சரியம் பின்னாளில் படித்தபோது தெரியவந்தது. ஏர் கண்டிஷனிங் என்ற சொல்லை 1906-இல் முதலில் வழங்கியவர் ஸ்டூவர்ட் கிராமர் என்ற அமெரிக்கப் பஞ்சாலைப் பொறியாளர். நூலுக்கு ஏற்ற பதத்தில் காற்றை வைப்பதற்கு அவர் இட்ட பெயர் அது. அதற்கு நாலு ஆண்டு முன்பு, 1902-இல், வில்லிஸ் கேரியர் வடிவமைத்த இயந்திரமும் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் தாள் சுருங்காமல் விரியாமல் இருப்பதற்காகத்தான். ஆக, இந்தக் கருவி நூலையும் தாளையும் முதலில் கவனித்துக்கொண்டு, மனிதனிடம் பின்னால்தான் வந்தது. நம் அப்பாமாருக்கு நூலின் அதிர்ஷ்டம்கூட இல்லை.

எங்களுக்கு அது சினிமா விளம்பரத்தில்தான் அறிமுகம்: குளிர்சாதன வசதி செய்யப்பட்டது என்று எழுத்தின் மேல் பனி வடிவதுபோல் போட்டிருப்பார்கள். படம் எதுவாயினும் மே மாத மதியக் காட்சிக்குக் கூட்டம் சேரும். அடுத்து வங்கி, நகைக்கடை, ஆஸ்பத்திரி. பிறகு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று ஓர் அறைக்கு. இன்று சந்துக்குள் நடந்தால் இருபுறமும் வெளிப்பெட்டிகள் அனலை நம் முகத்தில் ஊதுகின்றன. கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நெஞ்சுவலிக்காரருக்கும் பச்சைப்பிள்ளைக்காரிக்கும் அது உயிர் காக்கிறது. எங்களில் பலரும் அதன் கீழேதான் தூங்குகிறோம். ஊரும் அப்போதைய ஊரில்லை. உலகனேரிக் கண்மாய்ப் பக்கத்தில் 2004 முதல் உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது. கண்மாயைத் தொட்டு வந்த அந்திக் காற்று இப்போது தாரையும் சிமெண்டையும் தொட்டு வருகிறது. ஓடும் சுண்ணாம்பும் போய்க் கான்கிரீட் வந்தபின் ஏ.சி. இல்லாமல் அந்த அறைகளில் இருக்கவும் முடியாது.

2012-ஆம் ஆண்டு மின்வெட்டு பலருக்கு நினைவிருக்கும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள். ஏ.சி. நின்றது, இன்வெர்ட்டரும் நின்றது. ஒவ்வொருவராகக் கதவைத் திறந்துகொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார்கள். நாங்கள் பரணிலிருந்து ஓலை விசிறியைத் தேடி எடுத்தோம்; பூச்சி அரித்திருந்தது. பல ஆண்டுகளாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தவர்கள் அன்றைக்குத்தான் ஒருவர் பிள்ளையின் படிப்பை ஒருவர் விசாரித்தார்கள். ஒரு பெரியவர், ஆற்றுக்குப் போய் மணலில் படுத்தால் என்ன என்று கேட்டார். மணல் எங்கே இருக்கிறது? லாரி லாரியாக ஏறிப் போய், நாங்கள் படுத்திருந்த அந்த மாடிக்குக் கீழேதான் சிமெண்டோடு சேர்ந்து நின்றுகொண்டிருந்தது. ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. தெரு முழுவதும் வெளிப்பெட்டிகள் ஒன்றாக உறுமத் தொடங்கின. பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் கீழே இறங்கினோம்.